கொழும்பில் உரோமக் காசு சேர்ப்பவர்களுக்கு: செப்பிலிருந்து தொடங்குங்கள்

உரோமக் காசு என்றதும் பலருக்கு நினைவில் வருவது பொன்னும் வெள்ளியும். அவை குவியலாகக் கிடைத்தது தமிழ்நாட்டில். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் புதையல்களில் அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய பேரரசர்களின் தெனாரியஸ் என்ற வெள்ளிக்காசுகள் வந்தன. 1898இல் புதுக்கோட்டையில் பொற்காசுகள் வந்தன. இலங்கை மண்ணில் கிடைத்தவற்றுள் மிகப் பெரும்பாலானவை அவற்றுக்கு மூன்று நான்கு நூற்றாண்டு பிந்தியவை: கி.பி. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அடிக்கப்பட்ட சிறு செப்புக்காசுகள். மாந்தை, அநுராதபுரம், சீகிரியா, திஸ்ஸமகாராமை, மாத்தறைக்கு அருகே நைமனை என்று எங்கே பார்த்தாலும் இதே சாதிதான். சட்டைப் பொத்தானளவு இருக்கும், ஒன்றரைக் கிராம் நிறுக்கும், முகம் பாதி தேய்ந்திருக்கும்.

புதிதாகத் தொடங்குபவர் இந்தச் செப்பிலேயே தொடங்குவது நல்லது. விலை குறைவு, போலி குறைவு, படிப்பதற்கு நிறைய இருக்கிறது. வெளிநாட்டு வியாபாரிகளிடம் அடையாளம் காணப்பட்ட நல்ல காசொன்று சில டொலரிலிருந்து இருபது முப்பது டொலருக்குள் அடங்கும். அதே பணத்துக்கு வெள்ளியில் கிடைப்பது உடைசலாகவோ சந்தேகத்துக்கு உரியதாகவோதான் இருக்கும்.

காசுக்கு முன் சீட்டு

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தை அறியாமல் இந்தப் பொழுதுபோக்கில் இறங்கக்கூடாது. 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருள் தொல்பொருளாகக் கருதப்படும். மண்ணுக்குள் இன்னும் கண்டெடுக்கப்படாமல் கிடப்பது அரசின் சொத்து. காணி உங்கள் பெயரில் இருப்பதால் அது உங்களுடையதாகிவிடாது. அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். தொல்பொருளை நாட்டைவிட்டு வெளியே அனுப்பத் தொல்பொருளியல் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். திணைக்களம் கொழும்பு 7இல், சேர் மார்க்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில், தேசிய நூதனசாலை இருக்கும் அதே வீதியில்தான் இருக்கிறது. தாத்தா காலத்திலிருந்து வீட்டில் காசு கிடக்கிறது, அல்லது கிணறு வெட்டும்போது வந்தது என்றால் அங்கே போய்க் கேளுங்கள். விற்பனை பற்றிய ஐயத்தையும் அங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் சொல்லும் சட்டத்தை நம்ப வேண்டாம்.

இதிலுள்ள நடைமுறைச் சிக்கல் இதுதான். இலண்டனில் சட்டப்படி வாங்கிய, அர்க்காடியஸ் என்ற உரோமப் பேரரசரின் காசும் மாந்தையில் திருட்டுத்தனமாகத் தோண்டிய அர்க்காடியஸ் காசும் பார்வைக்கு ஒன்றே. வேறுபடுத்துவது பற்றுச்சீட்டு மட்டும். ஆனால் “உரோமக் காசு, 10” என்று எழுதிய பற்றுச்சீட்டு எந்தக் காசுக்கும் சாட்சி சொல்லாது. ஒவ்வொரு காசின் படம், நிறை, விட்டம் மூன்றும் விற்பவரின் ஆவணத்தில் இருக்கும்படி கேளுங்கள். பொதி வந்ததும் சுங்கச் சீட்டை அதனோடு இணைத்துக் கோப்பில் போடுங்கள். நிறப்படத்தை அச்செடுத்து வையுங்கள்; விற்பவரின் இணையப் பக்கம் நாளை இல்லாமல் போகலாம்.

சுற்றுலாத் தலங்களில் கைக்குட்டையில் சுற்றி நீட்டப்படும் பொன், வெள்ளிக் காசுகளை வாங்கவே வேண்டாம். பொய்யென்றால் பணம் போயிற்று. மெய்யென்றால் வழக்கு வரும்.

முதல் வாங்கலுக்கு அடையாளம் எழுதப்பட்ட எட்டுப் பத்துக் காசு போதும். “துப்புரவாக்காதவை” என்று கிலோக் கணக்கில் விற்கும் மண்கட்டிகளைத் தொடாதீர்கள். அவற்றில் நல்லவற்றை வழியில் நாலைந்து பேர் பொறுக்கியிருப்பார்கள். உங்களுக்கு வருவது கசடு. கட்டளையிடுமுன் கோட்டை சதாம் வீதியில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலைக்கும் கொழும்பு 7 தேசிய நூதனசாலைக்கும் ஒருமுறை போய்ப் பழைய நாணயங்களின் அளவைக் கண்ணால் பாருங்கள். திரையில் பெரிதாகப் பார்த்துப் பழகியவர்கள் காசு கைக்கு வந்ததும் “இவ்வளவுதானா?” என்பார்கள்.

மேசையில் வேண்டியவை

0.01 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு, 10 மடங்கு பெருக்கும் நகைக்கடை லென்ஸ், விட்டம் அளக்க வேர்னியர் கலிப்பர், வளையும் கழுத்துள்ள எல்ஈடி மேசைவிளக்கு. தராசும் லென்சும் செட்டியார் தெருப் பக்கம் நகைத்தொழில் சாமான் விற்கும் கடைகளில் கேட்கலாம். கலிப்பர் பிளாஸ்டிக்கில் இருக்கட்டும்; உருக்குத் தாடை காசின் விளிம்பைக் கீறும். தராசோடு சரிபார்ப்புப் படிக்கல்லையும் வாங்கி, ஒவ்வொரு முறையும் நிறுக்குமுன் வைத்துப் பாருங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு நிறுங்கள். இரண்டு கிராம் காசில் விசிறிக்காற்றே 0.03 கிராம் வித்தியாசம் காட்டிவிடும்.

காசைப் படிப்பது

காசை விளக்கின் நேர்கீழே வைத்தால் ஒன்றும் தெரியாது. விளக்கை மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி, ஒளி பக்கவாட்டில் உராய்ந்து போகும்படி பிடித்து, காசை மெல்லச் சுழற்றுங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் எழுத்து எழும்பும்.

முதலில் முகமில்லாத பக்கத்தைப் பாருங்கள். அங்குள்ள உருவம்தான் காலத்தைச் சொல்லும். குதிரையிலிருந்து விழும் எதிரியைப் போர்வீரன் ஈட்டியால் குத்தினால் கி.பி. 348க்குப் பிந்தியது. பெரும்பாலும் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டன்டியஸின் காசு. இரண்டு வீரர்கள், நடுவே கொடிக்கம்பங்கள் என்றால் 330களைச் சேர்ந்தது: கம்பம் இரண்டானால் முந்தியது, ஒன்றானால் 335க்குப் பிந்தியது. பேரரசர் ஒரு கையில் கொடியுடன் மறுகையால் கைதியை இழுத்துச் சென்றால் 364க்குப் பிந்தியது. அடித்தவர்கள் பேரரசர்களான வலன்டினியன், வேலன்ஸ் சகோதரர்கள். சிறகுள்ள வெற்றித்தேவதை தோளில் வெற்றிச்சின்னத்தைச் சாய்த்துக் கைதியை இழுத்துக்கொண்டு இடப்புறம் நடந்தால் 388 தொடங்கி ஏறக்குறைய அந்த நூற்றாண்டு முடியும்வரை. இது 12 முதல் 14 மி.மீ., ஒரு கிராமுக்குச் சற்று மேல். இலங்கைக்கு வந்த காசுகளில் அடிக்கடி காணப்படுவது. தேவதை அரசருக்கு முடிசூட்டும் வகை 395க்குப் பிந்தியது. 15 முதல் 18 மி.மீ. மூன்று பேரரசர்கள் வரிசையாக நின்றால் 406க்கும் 408க்கும் இடைப்பட்டது. இருவரானால் 408க்குப் பிந்தியது.

பிறகு முகப்பக்கத்து எழுத்து. 348க்குப் பிந்திய காசுகளில் பெரும்பாலும் வாசகம் முகத்துக்குப் பின்னால், கீழ் இடப்புறத்தில் டீ (D), என் (N) என்ற இரண்டு இலத்தீன் எழுத்தோடு தொடங்கும். அது “எம் தலைவர்” என்ற மரியாதை. வலப்புறம் பீ, எஃப், ஏ, வீ, ஜீ என்று முடியும். பெயர் இவற்றுக்கு இடையில் வரும். முழுப் பெயரும் கிடைப்பது அபூர்வம். தேவதை கைதியை இழுக்கும் வகையில் முழுப் பெயர் தேவையுமில்லை. அதை அடித்தவர்கள் முக்கியமாக நால்வர். இரண்டாம் வலன்டினியனின் பெயர் ஏ, என், வீ, எஸ் என்று முடியும். மற்ற மூவருக்கும் முடிவு ஐ, வீ, எஸ். அந்த ஐ எழுத்துக்கு முந்திய ஒற்றை எழுத்தைத் தேடுங்கள்: டீ (D) என்றால் அர்க்காடியஸ், ஆர் என்றால் ஹொனோரியஸ், எஸ் என்றால் தியோடோசியஸ். தலையுச்சிக்கு மேலே இருக்கும் அந்த இரண்டு மி.மீ. இடத்தில் மண் ஒட்டியிருந்தால் துப்புரவை அங்கிருந்து தொடங்குங்கள்.

முகமில்லாத பக்கத்தில், உருவத்தின் கீழே கோட்டுக்கு அடியில் இருக்கும் எழுத்துகள் காசடித்த அக்கசாலையின் அடையாளம். ஏ, என், டீ (ANT) என்றால் அந்தியோக்கியா. ஏ, எல், ஈ என்றால் அலெக்சாந்திரியா. சீ, ஓ, என், எஸ் என்றால் கொன்ஸ்தாந்திநோபிள். எஸ், எம் என்பதற்குப் பிறகு கே வந்தால் சைசிக்கஸ், என் வந்தால் நிக்கோமீடியா. இங்கு கிடைப்பவற்றில் கிழக்கு அக்கசாலைகளே மிகுதி. செங்கடல் வழி வந்த வணிகத்துக்கு அதுதான் பொருத்தம். கடைசியாக அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் ஓக்ரே என்ற இலவசத் தரவுத்தளத்தில் பேரரசர், அக்கசாலை, உருவம் மூன்றையும் கொடுத்துத் தேடினால் பட்டியல் எண் கிடைக்கும். எண் கிடைக்காவிட்டால் கிடைத்ததை மட்டும் எழுதுங்கள். “அர்க்காடியஸ் அல்லது ஹொனோரியஸ்” என்பது நேர்மையான அடையாளம்; ஊகித்து ஒன்றைப் போடுவது பிறகு யாரும் திருத்தாத பிழையாகிவிடும்.

சில காசுகளில் எழுத்து எங்கும் பொருந்தாது. வாசகத்தின் இடத்தில் குச்சியும் புள்ளியும், முகம் நாலைந்து கோடு, நிறை அரைக்கிராம். இவற்றைக் குப்பையென்று ஒதுக்காதீர்கள். உரோமக் காசைப் பார்த்து இலங்கையிலேயே செய்த பழைய நகல்கள் நைமனைப் புதையல் போன்றவற்றில் ஏராளமாக வந்திருக்கின்றன. ஆராய்ச்சியாளருக்கு இவையும் முக்கியம். ஆனால் இங்கே விற்க வருபவை இந்த மண்ணின் பொருளாகவே இருக்கக்கூடும். சீட்டில்லாமல் விலைக்கு வந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

துப்புரவு: குறைவாகச் செய்தால் நல்லது

குத்துவிளக்குத் துலக்கும் புளியும் தேசிக்காயும் காசுக்கு நஞ்சு. விளக்கில் உள்ளே திண்மையான பித்தளை இருக்கிறது, மேலே போனால் கீழே பளபளக்கும். 1,600 ஆண்டு மண்ணில் கிடந்த காசில் முகமும் எழுத்தும் இருப்பது அந்தப் பச்சை, கறுப்புப் படலத்தில்தான். அமிலம் அதைக் கரைத்தால் கீழே செம்பு நிறத்தில் குழிவிழுந்த வில்லை மட்டும் மிஞ்சும். பிராசோ, வினாகிரி, பற்பசை எதுவும் வேண்டாம்.

வேண்டியது வடிநீர், அதாவது காய்ச்சி வடித்த நீர். பற்றரிக்கு விடும் தண்ணீர் சேர்விஸ் ஸ்டேஷன்களில் கிடைக்கும். ஆனால் பற்றரி அசிட்டும் அதேபோன்ற போத்தலில் அதே தட்டில் இருக்கும், பெயரைப் படித்து வாங்குங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு. அது செம்புக்குப் பகை. ஒரு கண்ணாடிக் கிண்ணத்துக்கு ஒரு காசு. மூழ்குமளவு வடிநீர் விட்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் மென்மையான குழந்தைப் பல்தூரிகையால் லேசாகத் தேய்த்து, மண் இளகிய இடத்தை மூங்கில் பற்குச்சியால் லென்சுக்குக் கீழே தள்ளுங்கள். ஊசியைப் பலர் எடுக்கிறார்கள். கை ஒருமுறை வழுக்கினால் அரசரின் கன்னத்தில் செம்புக்கோடு விழும், அது போகாது. இரண்டு வாரமாக ஒன்றும் இளகாவிட்டால் நிறுத்திவிடுங்கள். எழுத்து தெரிகிறதென்றால் வேலை முடிந்தது; மூலைமூலையாக மண் எடுக்க வேண்டியதில்லை.

கொழும்புக் காற்றும் பச்சைப் பொடியும்

ஐரோப்பிய வழிகாட்டிகள் இரண்டு வரியில் கடந்துபோகும் விஷயம் இங்கே முதல் விஷயம். செப்புக்குள் குளோரைட்டு உப்பு தங்கியிருந்தால், காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 40 வீதத்தைத் தாண்டியதும் அது விழித்துக்கொள்ளும். உப்பும் ஈரமும் ஒட்சிசனும் சேர்ந்து செம்பைத் தின்னும். வேலை முடிந்த பிறகும் குளோரைட்டு தீராமல் அடுத்த அடுக்குக்குப் போகும். கொழும்பில் ஈரப்பதம் பெரும்பாலும் 70 வீதத்துக்கு மேல். வெள்ளவத்தை, தெஹிவளைக் கடற்கரையோர வீடுகளில் உப்புக்காற்றும் சேரும். இரவில் மட்டும் ஏசி போடும் அறை இன்னும் மோசம்: காலையில் ஏசியை நிறுத்தி யன்னலைத் திறந்ததும் குளிர்ந்த காசின் மேல் நீர் படியும்.

இந்த அரிப்பை வெண்கல நோய் என்பார்கள். அதன் அடையாளம்: வெளிறிய இளம்பச்சையில், மா தூவியதுபோல் ஒரு புள்ளி. பற்குச்சியால் தொட்டால் பொடியாக உதிரும், கீழே குழி இருக்கும். நல்ல படலமோ கரும்பச்சையாக, கல்போல் இறுகியிருக்கும். ஐயமென்றால் ஈரப்பஞ்சோடு, காசு பஞ்சில் படாமல், மூடிய டப்பாவில் ஒரு நாள் வையுங்கள். புதுப் புள்ளி அரும்பினால் நோய் இருக்கிறது.

நோயுள்ளதை உடனே மற்றவற்றிலிருந்து பிரியுங்கள். நோய் தொற்றாது, ஆனால் உதிரும் பொடியில் குளோரைட்டு உண்டு. பொடியைக் குச்சியால் குழியின் அடிவரை எடுங்கள். ஒரு லீட்டர் வடிநீரில் நீரற்ற சலவைச்சோடா 28 கிராமும் அப்பச்சோடா 22 கிராமும் கரைத்து, அதில் காசை ஊறவிட்டு வாரம் ஒருமுறை கரைசலை மாற்றுங்கள். ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். படலத்தின் நிறம் சற்று மாறக்கூடும், அதை ஏற்றுத்தான் இறங்க வேண்டும். பிறகு இரண்டு வாரம் வெறும் வடிநீர், கடைசியாக அசிற்றோனில் பத்து நிமிடம். அசிற்றோன் தண்ணீரை இழுத்துக்கொண்டு ஆவியாகும். அடுப்பிலிருந்து தள்ளி, யன்னலோரம் வைத்துச் செய்யுங்கள். காய்ந்ததும் நுண்படிக மெழுகைப் பருத்தித் துணியால் மெல்லப் பூசுங்கள். நகப்பூச்சோ வார்னிஷோ பூசாதீர்கள். உள்ளே நோய் தொடரும், மேலே தெரியாது.

வந்த நோயை மாற்றுவதைவிடக் காயவைத்து வைப்பது மலிவு. இறுக மூடும் ரப்பர் விளிம்புள்ள ஐந்து லீட்டர்ப் பெட்டி, அதற்குள் 200 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானி. செம்மஞ்சளிலிருந்து பச்சையாக மாறும் ஜெல்லை வாங்குங்கள். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் பழைய வகையில் கோபால்ட் உண்டு. மானி 40ஐத் தொட்டால் ஜெல்லை மின்அவனில் 120 பாகையில் இரண்டு மணிநேரம் வைத்து, மூடிய போத்தலில் ஆறவிட்டு மீண்டும் போடுங்கள். திறந்து ஆறவைத்தால் கொழும்புக் காற்றையே குடித்துவிடும். கமெரா வைக்கும் மின்சார உலர்பெட்டி ஏற்கனவே வீட்டில் இருந்தால் அதன் ஒரு தட்டு போதும்.

பெட்டிக்குள் எந்த உறை என்பதும் கவனிக்க வேண்டியது. வளையும் பீவீசீ உறை புது மேசைவிரிப்புபோல் மணக்கும். அந்த மணம் இருந்தால் வேண்டாம். அதிலிருந்து கசியும் பதார்த்தம் பச்சை நெய்யாகக் காசில் படியும். மைலார் என்ற பொலியெஸ்டர்த் தாளில் செய்த உறையோ மைலார் யன்னலுள்ள அட்டையோ நல்லது. அட்டையை ஸ்டேப்பிள் செய்தால் பல்லைக் குறட்டால் தட்டையாக்குங்கள்; இல்லாவிட்டால் அடுத்த காசைக் கீறும்.

போலியை நிறுத்துப் பார்ப்பது

செப்பில் போலி குறைவு என்றாலும் வெள்ளிக்குப் போகும்போது இது தேவைப்படும். விளிம்பைச் சுற்றிப் பார்த்து, அச்சுப்பொருத்திய கோடோ அதை அரத்தால் தேய்த்த தடமோ இருக்கிறதா என்று தேடுங்கள். வார்ப்பில் எழுத்தின் ஓரம் உருண்டிருக்கும், சமதளத்தில் குமிழிக் குழிகள் இருக்கும். ஒரே இடத்தில் ஒரே கீறலுள்ள இரண்டு காசு கண்டால் இரண்டில் ஒன்றாவது பொய்.

அடர்த்தியை வீட்டிலேயே அளக்கலாம். காசை நிறுங்கள். தராசில் பாதி நீர் நிரம்பிய கிண்ணத்தை வைத்துச் சுழியாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் நீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டுவது காசு விலக்கிய நீரின் நிறை. முதல் எண்ணை இரண்டாவதால் வகுங்கள். 3.40 கிராம் தெனாரியஸ் 0.33 காட்டினால் 10.3, தூய வெள்ளி 10.5, அதனால் பொருத்தம். 9க்குக் கீழே வந்தால் கேள்வி கேளுங்கள். ஒரு கிராம் செப்புக்காசில் இதைச் செய்யாதீர்கள். விலகும் நீர் 0.12 அளவுதான், தராசின் 0.01 பிழையே எட்டு வீதமாகிவிடும்.

பகிர்வது

படமே முதல் பகிர்வு. கைபேசியைப் புத்தக அடுக்கின் மேல் நேர்கீழே பார்க்கும்படி நிறுத்தி, கறுப்பு வெல்வெட்டில் சிறு அழிறப்பர்த் துண்டின் மேல் காசை வைத்தால் நிழல் விழாது. ஒளி மணிக்கூட்டின் 11 திசையிலிருந்து வரட்டும். கீழிருந்து வந்தால் முகம் குழியாகத் தெரியும். இரண்டு பக்கமும், ஓர் அளவுகோலும். படத்தோடு நிறை, விட்டம், அச்சுத்திசை மூன்றையும் எழுதுங்கள். அச்சுத்திசைக்கு, முகம் நிமிர்ந்திருக்க மேலும் கீழும் விரலால் பிடித்துக் கதவுபோல் திருப்புங்கள். மறுபக்க உருவத்தின் தலை காட்டும் மணிதான் அது. இந்தக் காலக் காசில் பொதுவாக 6 அல்லது 12 வரும். படம் போடுமுன் அதில் இட விவரம் பதியும் அமைப்பை நிறுத்துங்கள். சேகரிப்பு எந்த வீட்டில் இருக்கிறதென்று ஊருக்குச் சொல்லத் தேவையில்லை.

வீட்டிலோ பள்ளிக்கூடத்திலோ கூட்டமாகக் காட்டும்போது மேசையில் தடித்த துணி விரித்து, விளிம்புள்ள தட்டில் ஒரு நேரத்தில் ஒரு காசு. கையிலிருந்து கைக்குக் கொடுக்கக்கூடாது. முதலாமவர் தட்டில் வைத்த பிறகே அடுத்தவர் எடுக்க வேண்டும். காணாமல் போவதும் கீழே விழுவதும் பெரும்பாலும் இந்தக் கைமாற்றத்தில்தான். விரல் விளிம்பில் மட்டும். வியர்வையிலும் குளோரைட்டு உண்டு, ஆகவே கூட்டம் கலைந்ததும் எல்லாவற்றையும் அசிற்றோனில் நனைத்தெடுத்துக் காயவைத்தபின் பெட்டியில் போடுங்கள். மெழுகு பூசியதை மட்டும் அசிற்றோனில் போடாமல் துணியால் துடையுங்கள். சிறுவர்களுக்கு நோயில்லாத, தேய்ந்த, எழுத்துள்ள இரண்டு காசைத் தனியாக வைத்திருங்கள். அந்த ஒற்றை எழுத்தைத் தேடச் சொல்லி லென்சைக் கொடுத்தால் அரைமணி நேரம் சத்தமிருக்காது.

மாற்றிக்கொள்வதென்றால் காசோடு அதன் பற்றுச்சீட்டுப் பிரதியும் போக வேண்டும். யாரிடமிருந்து யாருக்கு, எந்தத் திகதியில் என்று ஒரு வரி எழுதி இருவரும் கையொப்பமிட்டுப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நண்பர் ஒருவருக்குக் காசைத் திருப்பியனுப்புவதாக இருந்தால், அது வெளியிலிருந்தே வந்ததானாலும், தபாலில் போடுமுன் பற்றுச்சீட்டோடும் சுங்கச் சீட்டோடும் தொல்பொருளியல் திணைக்களத்துக்குப் போய் எழுத்தில் அனுமதி பெறுங்கள்.